ஆணி அடிக்காத சுவரில் ஒரு கலியாணம்

வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு எடுக்கிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுகிற சட்டம், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதுதான். தண்ணீர் எப்போது வரும், குப்பையை எங்கே வைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் வீட்டுக்காரர் சாவியைக் கையில் தருவதற்கு முன் என்னை முன்பக்க ஹோலின் நடுவில் நிறுத்தி வைத்து, வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். “மிஸிஸ், இது புதுப் பெயின்ற். ஒரு கலண்டர் கொழுவுறதெண்டாலும் என்னைக் கேட்டுத்தான் கொழுவ வேணும்.” அவரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். ஆனால் கொழும்புக்கு வந்து கனகாலம். இங்கத்தைச் சட்டமெல்லாம் ரத்தத்தில் ஊறிவிட்டது. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு, சாமிப்படங்களை மேசையில் சாத்தி வைத்தேன். என் கணவரின் தகப்பன், மாமாவின் படம் அலுமாரிக்கு மேலே ஏறியது. அன்றிலிருந்து காலையில் அறைக் கதவைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது அந்த வெறுஞ்சுவர்தான். மூளியாக நிற்கும். எனக்கு அது பழகவே இல்லை.

தெல்லிப்பழையில் எங்கள் வீட்டில் ஆணி இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் கலியாணப் படம், மகள் சுகன்யா பேச்சுப் போட்டியில் கேடயம் வாங்குகிற படம், இவர் வேலை செய்த கந்தோரின் பிரியாவிடைப் படம், போன வருஷத்துக் கலண்டருக்கு மேல் இந்த வருஷத்துக் கலண்டர். இப்போது அந்த வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. உறுதிப் பத்திரம் எங்கள் அலுமாரியில், வீடு ஆமியிடம். சுவர் நிற்கிறதா என்றுகூட ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நீங்கள் பனியைப் பற்றியும் பாஷை தெரியாமல் பட்ட பாட்டைப் பற்றியும் எழுதுகிறீர்கள். ஊரில் இருக்கிற நீங்கள், கொழும்பில் இருக்கிறவர்களுக்கு என்ன குறை என்று கேட்கிறீர்கள். யாழ்ப்பாணப் பாதை பூட்டுப்பட்ட பிறகு ஊருக்குப் போக விமானச்சீட்டும் அனுமதியும் வேண்டியிருக்கிற, கடைக்குப் போனாலும் அடையாள அட்டையோடு போகிற எங்களுக்குக் கொழும்பும் வெளிநாடுதான் ஐயா. பனி மட்டும்தான் இல்லை.

சுகன்யா கனடாவுக்குப் போய்ப் பகலில் வேலை செய்து, பின்னேரத்தில் படித்து, இன்று ஒரு கணக்காளர் நிறுவனத்தில் தன் பெயர் போட்ட அறையில் இருக்கிறாள். இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை. சொல்லாவிட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்காது. தனக்கேற்ற பிள்ளையைத் தானே பார்த்து, எங்களிடம் கேட்டு, நாங்கள் ஓம் என்ற பிறகுதான் மண்டபம் பதிந்தாள். நாங்கள் விசாவுக்குப் போட்டோம். இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். நாங்கள் இலங்கைக்குத் திரும்பி வருவோம் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லையாம். சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இருக்கிறது என்று உறுதியைக் காட்டினோம். அதில் குடியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள், இல்லை என்றோம். அவர்கள் கணக்கில் அது பொய்யாகப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறே ஆக்கவில்லை. வா என்று கும்பிட்டாலும் அங்கே குந்தியிருக்கிற ஆள் நான் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கலியாணம் நடந்தது. தாலி கட்டும் நேரத்துக்கு அங்கிருந்து ஒருவர் தொலைபேசியை மேளக்காரருக்குப் பக்கத்தில் பிடித்தார். கெட்டிமேளம் எங்கள் காதில் இரைச்சலாக விழுந்தது. இவர் ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு யன்னலடியில் போய் நின்றார். எங்களுடைய இடத்தில் நின்று பிள்ளையைத் தாரைவார்த்துக் கொடுத்தவர்கள் இவருடைய அண்ணனும் அண்ணியும். நல்ல சனம். அவர்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் என் பிள்ளையின் தலையில் முதல் அறுகரிசி போட்டது நான் இல்லை. எங்கள் பக்கத்துக் கலியாணம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தாலி கட்டி முடிந்து மணமக்களை இருத்திவிட்டு, மஞ்சள் தடவிய பச்சையரிசியோடு அறுகம்புல்லைச் சேர்த்து எடுத்து, காலிலும் முழங்காலிலும் தோளிலும் தொட்டுத் தலையில் போட்டு வாழ்த்துவோம். பெற்றவர்கள் முதலில் போட வேண்டும். அந்த ஒன்றைத்தான் நான் நினைத்து நினைத்து மாய்ந்தேன்.

வெள்ளவத்தையில் இது ஒன்றும் புதினமில்லை. பிள்ளையின் கலியாணத்தை டிவியில் பார்த்த தாய்தகப்பன்தான் காலி நகருக்குப் போகிற இந்தக் காலி வீதி முழுக்க. டிவிடி வந்ததும் நாலு பேரைக் கூப்பிடுவார்கள். கடிக்கப் பற்றிஸும் குடிக்கப் பிளேன்ரீயும் வரும். ரிமோட்டால் தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டுவார்கள். வந்தவர்கள் “நல்ல சோடி” என்று சொல்லிவிட்டு நேரத்தோடு போய்விடுவார்கள். அப்படிப் பல வீடுகளில் நானும் பற்றிஸ் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் என் பிள்ளை பெட்டிக்குள் ஒரு சாண் உயரத்தில் நிற்பதை நினைக்க மனம் ஒப்பவில்லை. அவள் ஆளுயரத்தில் நிற்க வேண்டும். அந்த மூளிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் எனக்குப் பளிச்சென்றது. ஆணியில்லை, படமில்லை, ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரர் எனக்காக ஒரு தியேட்டர்த் திரையைப் பெயின்ற் அடித்தல்லவா தந்திருக்கிறார். “இஞ்சருங்கோ, நாங்கள் ஒரு புரொஜெக்டர் வாங்குவம்” என்றேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஒருக்காப் பாக்கிற கசற்றுக்கோ?” இவருக்கு டிவிடியும் கசற்தான்.

ஆனால் அப்படிச் சொன்ன மனுஷன்தான் அடுத்த நாளே கொள்ளுப்பிட்டிக் கடைகளில் விளம்பரத் தாள்களைக் கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டு வந்தார். டிக்கெட்டுக்கென்று வைத்திருந்த காசில் பெரும்பகுதி மண்டபத்துக்குப் போய்விட்டது; மிஞ்சியதற்குள் வாங்க வேண்டும். வீட்டில் தியேட்டர் மாதிரிப் படம் பார்ப்பதற்கென்றே செய்த சாதியில் இவருக்குக் கண். அதில் கறுப்பு உண்மையான கறுப்பாக வருமாம், நிறம் அச்சொட்டாக இருக்குமாம். அதில் மலிவானது ஒன்று எங்களுக்கு எட்டக்கூடிய விலையில் இருந்தது. கடையில் ரை கட்டிய ஒரு பொடியன் எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப் போய், திரைச்சீலையை இழுத்து, லைற்றை அணைத்து, ஒரு கடற்கரையைக் காட்டினான். கடல் அவ்வளவு வடிவு. இவர் மயங்கிப்போய் நின்றார். நான், “தம்பி, லைற்றைப் போட்டுக் காட்டுங்கோ” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. “ஆன்ட்டி, லைற் போட்டால் வடிவில்லை.” “அதைத்தான் பாக்க வேணும். கதவையும் திறவுங்கோ.” அவன் நான் டியூஷன் வகுப்பு நடத்துகிற ரீச்சர் என்று நினைத்திருக்க வேண்டும், வெள்ளைப்பலகைக்கு வேறு கடை இருக்கிறது என்று விலாசம் சொன்னான். கதவைத் திறந்ததும் கடற்கரை சாம்பல் பூத்துப் போய்விட்டது.

வாசிக்கிற நீங்கள் ஒருநாள் இந்தச் சாமான் வாங்கப் போனால் இதை மறக்காதீர்கள். கடைக்காரனின் இருட்டில் எல்லாம் வடிவுதான். உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு எது நின்று பிடிக்கும் என்று பாருங்கள். கொழும்பில் எங்களுடைய கலியாணத்தைப் பகலில்தான் நடத்த முடியும். இருண்ட பிறகு யார் வருவார்கள்? கல்கிசையில் இருக்கிற என் சித்தி மகள் குடும்பம் இரண்டு செக்பொயின்ற் தாண்டி வர வேண்டும். தங்க வைப்பதென்றால் பொலிஸில் பதிய வேண்டும். கறுப்புச் சீலையால் யன்னலை மூடிக்கொண்டு இருபது தமிழர் ஒரு அறைக்குள் இருந்தால் என்ன கதை வருமென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே யன்னல் திறந்திருக்க வேண்டும், பின்னேர வெயில் உள்ளே வர வேண்டும், அதிலும் என் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். இவர் கறுப்பைப் பற்றிக் கதைத்தார். நான் வெளிச்சத்தைப் பற்றிக் கதைத்தேன். வீட்டில் வழக்கம்போல நான் சொன்னதில் முடிந்தது.

வெளிச்சம் கூடிய புதுச் சாமான்கள் எங்களுக்கு எட்டாத விலை. இவரோடு முந்தி வேலை செய்த பிலிப் என்பவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்; அவருடைய தம்பி, கந்தோர்கள் கழித்து விடுகிற கணினிச் சாமான்களை வாங்கித் திருத்தி விற்கிறவர். கோயிலடியில் இருந்த அந்தக் கடைக்குப் பிலிப்பையும் கூட்டிக்கொண்டு போனோம். கம்பனிக் கூட்டங்களில் எழுத்துக் காட்டுகிற புரொஜெக்டர் ஒன்று, பேக்கரியில் வாங்குகிற பெரிய பாண் ஒன்றின் அளவில், தூசியோடு இருந்தது. கந்தோர்க்காரர் லைற்றை அணைப்பதில்லை அல்லவா, அதற்குத் தக்க வெளிச்சம் அதற்கு. நான் கைப்பையில் கொண்டுபோன சித்தி மகளின் கலியாண டிவிடியைப் போடச் சொன்னேன். பட்டப்பகலில், வாசல் திறந்திருக்க, மணவறை சுவரில் நின்றது. மெஷினுக்குள் காற்றாடி இரைந்தது. கூறைச்சேலையின் சிவப்பும் செங்கல் நிறத்தில் வந்தது. “நிறம் சரியில்லை” என்றார் இவர். சுகன்யாவின் கூறையைக் காலி வீதியில் கடை கடையாக ஏறி எடுத்து அனுப்பியவள் நான். அந்தச் சிவப்பு எனக்கு மனப்பாடம். மெஷின் சொல்லித் தர வேண்டாம். பல்ப் இன்னும் எவ்வளவு காலம் எரியும் என்று மெனுவில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதையே வாங்கினோம். நாங்கள் வெளிக்கிடும்போது பிலிப் ஒன்று சொன்னார்: “தங்கச்சி, இதைச் சீலிங்கில பூட்டுங்கோ. மேசையில வைச்சா நடுவில போற ஆக்களின்ர நிழல் எல்லாம் படத்தில விழும்.” ஆணியே அடிக்க விடாத வீட்டில் சீலிங்கில் துளை போடுவதாம். சிரித்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும் வழியில் செக்பொயின்றில் ஓட்டோவை நிறுத்தினார்கள். மடியில் இருந்த பையைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரனுக்கு என் மகளைவிட வயது குறைவு. கண்ணாடியும் வயருமாக ஒரு பெட்டியைக் கண்டதும் அவன் முகம் இறுகியது. “மேக்க மொகக்த?” இது என்ன என்று கேட்டான். இவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனால் அந்த நேரத்தில் இவர் அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். நான்தான் கையால் சதுரம் போட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், “துவகே மகுல, மகனே” என்றேன். மகளுடைய கலியாணம், மகனே. நான் சொல்ல நினைத்தது, மகளின் கலியாணத்தைப் பார்க்கிற மெஷின் என்று. அவனுக்கு விளங்கியது, நாங்கள் கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று. பெட்டியை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே பையை மூடி, “பரக்கு வெனவா, யன்ன யன்ன” என்று ஓட்டோக்காரனை அவசரப்படுத்தினான். சுணங்குகிறது, போங்கள் போங்கள். கலியாணம் முடிந்து மூன்று கிழமை. நான் திருத்தவில்லை.

வீட்டில் மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தால் தலையில் இடி. எங்கள் ஹோல் நீளத்தில் கட்டை. புரொஜெக்டர் பின்னுக்குப் போகப் போகத்தான் படம் பெருக்கும்; எங்களுடையதோ முதுகை வாசல் கதவில் முட்டிக்கொண்டு நின்றும் மணமகள் இடுப்பளவுதான் வந்தாள். நான் கதவைத் திறந்தேன். வெளியே சின்ன நடை. நடைக்கு அப்பால் எங்கள் வாசலுக்கு நேரே மாலினி அக்காவின் வாசல். அவர் சிங்களப் பெண்மணி, தனி ஆள், முன்பு தாதியாக இருந்தவர். எங்களுக்குள் சிரிப்பும் எப்போதாவது ஒரு தட்டு கிரிபத் பால்சோறும்தான் பழக்கம். அவருடைய ஹோலில் மெஷினை வைத்தால் வெளிச்சம் இரண்டு வாசலையும் தாண்டி எங்கள் சுவருக்கு வரும். பிள்ளை ஆளுயரத்துக்கு வளர்ந்துவிடுவாள். கதவைத் தட்டி, என் அரைகுறைச் சிங்களத்தில், உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மெஷின் வைக்கலாமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் கேட்டது என்னவென்று எனக்கே உறைத்தது. பஸ்ஸில் பொதி கிடந்தால் குண்டென்று ஓடுகிற காலம். ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை சிங்கள வீட்டில் வயரோடு ஒரு பெட்டி வைக்கக் கேட்கிறாள்.

மாலினி அக்கா கதவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, எங்கள் ஹோலுக்குள் நடந்து, மெஷினையும் சுவரில் அரையளவாக நின்ற மணமகளையும் பார்த்தார். “மனமாலி கவுத?” மணமகள் யார் என்று கேட்டார். இது சித்தி மகள், என் மகளின் டிவிடி வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து ஒருவரின் கையில் வருகிறது என்று இவர் விளக்கினார். அக்கா கையிலிருந்த சீலைத் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நெகத எத்தனை மணிக்கு? நல்ல நேரம். எல்லாம் முடிந்த கலியாணத்துக்கு இனி என்ன நேரம் என்று இவர் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. தன் பஞ்சாங்கத்தை எடுத்து வந்து, எழுத்தில் விரலை வைத்துத் தேடி, ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நல்லது, அதற்கு முன் போடவேண்டாம் என்றார். “பொம்பிளப்பிள்ளை கலியாணம், மிஸிஸ். சும்மா போடக்கூடாது” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் மாவிலை கட்டினேன், ஆணியில்லாமல் ஒட்டுநாடாவால். கும்பம் வைத்தேன். ஒரு தட்டில் மஞ்சள் கலந்த அரிசியும் அறுகும் எடுத்து வைத்ததைக் கண்ட இவர் குரலைத் தாழ்த்தி, “சுவருக்கு அறுகரிசி போடப் போறீரோ? விசரே உமக்கு? சனம் சிரிக்கும்” என்றார். நான் தட்டைக் கும்பத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். சித்தி மகள் குடும்பம், பிலிப், மேல்மாடிக்காரர், கீழே குடியிருக்கிற எங்கள் வீட்டுக்காரர் என்று ஹோலின் இரண்டு பக்கமும் சனம். மாலினி அக்கா சிங்களவரின் ஒசரிச் சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் அன்பளிப்பு உறையோடு, தன் வீட்டில் வைத்த மெஷினைத் தானே போடுவேன் என்று நின்றார். நாலு மணி கழிந்ததும் போட்டார். சுவரில் என் பிள்ளை வந்தாள். வெயில் உள்ளே விழுந்துகொண்டிருக்க, பளிச்சென்று, என்னளவு உயரத்தில். அட்டியல் போட்ட கழுத்து, வலது பக்கம் மட்டும் குழி விழுகிற அந்தச் சிரிப்பு. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. “இது வெள்ளவத்தையில ஒருத்தரும் செய்யேல்லை” என்று பிலிப் சொன்னதைக் கேட்டு நான் காதில் விழாதவள்போல இருந்தேன்.

அன்று முழுக்க என் வேலை, நடுவில் போகிறவர்களை ஏசுவதுதான். “குனிஞ்சு போங்கோ, நிழல் விழுது. தலையைப் பதியுங்கோ.” பிளேன்ரீத் தட்டோடு எல்லாரும் தவழாத குறையாக நடந்தார்கள். தாலி கட்டியாயிற்று. மணமக்களை இருத்தினார்கள். இவருடைய அண்ணனும் அண்ணியும் தட்டோடு படத்துக்குள் வந்தார்கள். நான் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த இடத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திடீரென்று ஹோல் இருண்டது மாதிரி இருந்தது. நிமிர்ந்தால், இவர் எழும்பி நிற்கிறார். குனியவில்லை. வெளிச்சத்துக்கு நடுவில் நிமிர்ந்து நடந்து, கும்பத்துக்குப் பின்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு, சுவருக்குக் கிட்டப் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் கூறையின் செங்கல் நிறம். “இஞ்சரும், வாருமன். பிள்ளை காத்துக்கொண்டிருக்கு.”

நான் போனேன். எங்கள் இரண்டு நிழலும் சுவரில் ஏறி, அண்ணனும் அண்ணியும் நின்ற இடத்தை மூடிவிட்டன. இப்போது சுகன்யாவுக்கு முன்னால் நின்றது நாங்கள் இருவர்தான். காலைத் தொட்டோம், முழங்காலைத் தொட்டோம், தோளைத் தொட்டோம். சுவர் குளிர்ந்து கடற்காற்றில் வியர்த்திருந்தது. தலை குனிந்த பிள்ளையின் உச்சியில் அறுகரிசியை வைத்து அழுத்தினேன். அரிசி கொட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் மாலினி அக்கா எழும்பி வந்து வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் சித்தி மகள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிறகு வேறு யார் யாரோ படத்தில் வந்து போனார்கள். சுவரடியில் எங்கள் வரிசை முடிய நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு அந்தப் புரொஜெக்டர் எங்கள் ஒழுங்கையில் சும்மா இருந்ததில்லை. நோர்வேயில் ஒன்று, மெல்பேர்னில் ஒன்று, லண்டனில் இரண்டு என்று கலியாணங்கள் எங்கள் சுவரில் நடந்துவிட்டன. மெஷின் அக்கா வீட்டில், சுவர் என் வீட்டில். போன கிழமை வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தார். வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்தார். நடுவில், ஒரு பெண் இருந்தால் தலை வருகிற உயரத்தில், உள்ளங்கையளவில் மஞ்சள் படிந்திருக்கிறது. நான் அதைத் துடைக்கவில்லை. மற்றவர்கள் போட்டுப் போட்டு இன்னும் கூடியிருக்கிறது. “மிஸிஸ், இது என்ன கறை?” என்றார், தானும் அன்று வரிசையில் நின்றதை மறந்து. உறுதி இருக்கிற வீட்டுச் சுவர் நிற்கிறதோ தெரியாது. பிள்ளை இருக்கிற வீட்டுச் சுவரை நான் தொட்டதில்லை. தொட்ட சுவர் இது ஒன்றுதான், அதுவும் அவருடையது.

“பெயின்ற் அடிக்கிறதெண்டா என்னைக் கேட்டுத்தான் அடிக்க வேணும்” என்றேன். “இது என்ர பிள்ளையின்ர கலியாணம் நடந்த வீடு.”